ஊசியும் மாவிளக்கும்

எனக்குச் சர்க்கரை வியாதி என்று முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, எறும்பு.

கொல்லைப்புறத்தில் நான் ஒதுங்குகிற இடத்தில் மட்டும் சாரை சாரையாக மொய்த்தது. என் வீட்டுக்காரரின் அக்கா, அதாவது என் மைனி, புருஷன் போன பிறகு எங்களோடுதான் இருந்தார். அவர்தான் அதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

“ஏட்டி, கொல்லையில பாயாசத்தக் கொட்டுனியா?”

“பாயாசம் வச்சா ஒங்களுக்குத் தெரியாமலா இருக்கும் மைனி? மொத தம்ளர் ஒங்களுக்குல்லா.”

“அப்ப எறும்புக்கென்ன கோட்டியா புடிச்சிருக்கு, அங்கன போயி சுத்துது?”

இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. ஒரு செம்பு தண்ணீரை ஊற்றி விட்டுவிட்டோம். மறுநாளும் வந்தது. எறும்புக்குத் தெரிந்தது எனக்குத் தெரிய இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று.

அந்தச் சித்திரையில் எனக்கு அப்படியொரு தாகம். செம்பு செம்பாகக் குடித்தேன். பசியும் அப்படித்தான். சட்டியில் இருப்பதை வழித்துத் தின்றுவிட்டு, அடுத்த வேளைக்கு என்ன என்று கேட்பேன். ஆனால் உடம்பு மட்டும் உருகிக்கொண்டே போனது. ரவிக்கை தோளில் நிற்காது. வளையல் தானாகக் கழன்று அரிசி களைகிற தண்ணீரில் விழும். யாரோ எனக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று மைனி சொன்னார். யார் என்று கேட்டால் சொல்ல மாட்டார். ஆனால் ராத்திரியானால் எதிர்வீட்டைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றுவார். பாவம் அந்த எதிர்வீட்டுக்காரி, அவள் எனக்கு முருங்கைக்கீரை கொடுத்ததைத் தவிர ஒன்றும் செய்ததில்லை.

எங்களுக்கு மேலநீலிதநல்லூர் போகிற வழியில் கொஞ்சம் கரிசல் நிலம் இருந்தது. மிளகாய் வத்தலும் உளுந்தும் போடுவோம். ஒருநாள் அங்கே வேலையாக இருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டேனாம். எனக்கு நினைவில்லை. கண் விழித்தபோது பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். கையில் குழாய். கால்மாட்டில் என் வீட்டுக்காரர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். மதுரையில் ஓர் ஆபீசில் வேலை பார்க்கிற என் மகன்கூட வந்துவிட்டான். அவனைப் பார்த்ததும்தான், நாம் சாகக் கிடந்திருக்கிறோம் என்று எனக்குப் பட்டது.

டாக்டர் நல்ல பிள்ளை. கட்டில் பக்கத்தில் நின்று நிதானமாகச் சொன்னார். மாத்திரை எனக்குக் கேட்காதாம். தினமும் ஊசி போட வேண்டுமாம். இன்சுலின் என்று அதற்குப் பேர்.

“எத்தன நாளைக்கு சார்?” என்று இவர் கேட்டார்.

“ஆயுசுக்கும்.”

இவர் அழ ஆரம்பித்துவிட்டார். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கோ, சொன்னால் நம்ப மாட்டீர்கள், நெஞ்சில் இருந்த கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. செத்துப்போகப் போகிறோம் என்று வாரக்கணக்காக மனசுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தவள் நான். ஊசி போட்டால் பிழைத்துக்கொள்வாய் என்று ஒருவர் சொன்னால், ஊசி எல்லாம் ஒரு பொருட்டா? அதோடு, செய்வினையும் இல்லை என்று ஆகிவிட்டது. எதிர்வீட்டுக்காரி தப்பினாள்.

ஊசி போடக் கற்றுக்கொடுக்க ஒரு நர்ஸம்மா வந்தார். என் மருமகளுக்குள்ள வயசுதான் இருக்கும். கண்ணாடி ஊசி, அதைப் போட்டு வைக்க ஒரு டப்பா, மருந்துப் புட்டி. எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவிட்டு, “வீட்ல யாரு போட்டுவிடுவாங்க?” என்று கேட்டார். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார். வத்தக்காட்டில் நல்லபாம்பைக் கம்பால் அடித்த மனுஷன். நர்ஸம்மா என் தொடையில் ஊசியை வைத்து, “இப்படிப் பிடிச்சு, இப்படி” என்று குத்தினார். பின்னால் ஒரு சத்தம். திரும்பினால் இவர் தரையில் கிடக்கிறார்.

“ஏம்மா, இப்ப யாருக்கு ஊசி போடணும்?” என்றார் நர்ஸம்மா.

“எனக்கே சொல்லிக் குடுங்க தாயி. அவரு கெடக்கட்டும், முழிச்சா எந்திப்பாரு” என்றேன்.

ஒரு கத்திரிக்காயைக் கொண்டுவரச் சொல்லி அதில் குத்திப் பழகச் சொன்னார்கள். நான் எத்தனை கத்திரிக்காய்க்கு வைத்தியம் பார்த்தேனோ. ஊருக்கு வந்தும் பழகினேன். அந்த வாரம் முழுக்க வீட்டில் கத்திரிக்காய்க் குழம்புதான். சாப்பிட உட்கார்ந்ததும் இவர் காயை ஒதுக்குவார்.

“ஏட்டி, இது ஊசி போட்ட காயா, போடாத காயா?”

“ஊசி போட்டதுதான். தின்னுங்க, இன்னும் நூறு வருசம் இருப்பிய.”

கத்திரிக்காயோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அளவு என்று ஒன்று இருக்கிறதே. ஊசிக் குழாயில் கோடு கோடாகப் போட்டு, எண் எழுதியிருக்கிறது. எனக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. சர்க்கரையினால் கண்ணும் அப்போது மங்கலாக இருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தபோதே நர்ஸம்மா நகத்துக்குப் போடுகிற சாயத்தால் அடையாளம் வைத்துப் பார்த்தார். வெந்நீரில் கொதிக்க வைத்ததும் சாயம் உரிந்துவிட்டது. கூடக் குறைய ஏற்றினால் ஆபத்து என்றார். என் மகன் காதில் அது விழுந்துவிட்டது.

அவன் என்னை வெளியே வராந்தாவில் உட்கார வைத்துச் சொன்னான். “யம்மா, ஆடி முடியுத வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள நீயே ஒழுங்கா போடப் படிச்சிட்டன்னா ஊர்ல இரு. இல்லன்னா மதுரைக்கு வந்துரு. எங்க தெருவுல ஒரு நர்ஸு இருக்காங்க, தெனம் காலையில வந்து போட்டுட்டுப் போவாங்க. இதுல மாத்தம் கெடையாது.”

மதுரை ஒன்றும் கெட்ட ஊர் இல்லை. மகன் வீட்டில் என்னை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் அது மாடி வீடு. காலையில் அவனும் மருமகளும் வேலைக்குப் புறப்பட்டுப் போய்விடுவார்கள். மருமகள் பள்ளிக்கூடத்து டீச்சர். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் அவள்தான். பிறகு சாயங்காலம் வரைக்கும் நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்க்க வேண்டும். கீழ்வீட்டு அம்மா என்னிடம் பேசுகிற ஒரே பேச்சு, “மேல தண்ணி வருதா?” வருது என்பேன். அவ்வளவுதான், ஒரு நாளைக்கு உண்டான பேச்சு தீர்ந்தது. எனக்கு வாய் பேசாவிட்டால் சோறு இறங்காது. மைனியோடு சண்டை போடாமல் எனக்குப் பொழுது விடியாது. ஊசி போட்டு உயிரைப் பிடித்து வைப்பது அந்த ஜன்னலுக்காகவா? எப்படியாவது படித்துவிட வேண்டும் என்று இருந்தேன்.

ஆஸ்பத்திரியை விட்டு வருமுன் ஒரு நாள் நர்ஸம்மா சரியான அளவுக்கு மருந்தை இழுத்துக் காட்டினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இழுத்தபோது பின்பக்கத்துத் தண்டு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. “அப்படியே பிடிங்க தாயி” என்று சொல்லிவிட்டு, வாசல் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி வந்து, அந்தத் தண்டு நிற்கிற நீளத்துக்கு ஒட்டி வைத்துக் கிள்ளினேன். மாலை கட்டும்போது, ரவிக்கைக்குத் துணி எடுக்கும்போது எல்லாம் நாங்கள் இப்படித்தானே அளக்கிறோம்.

நர்ஸம்மா சிரித்தார். பிறகு என்னை இழுக்கச் சொல்லி, ஈர்க்கை வைத்துப் பார்க்கச் சொல்லி, கோட்டைப் பார்த்தார். திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் சரியாக இருந்தது. “ஊசிய மாத்துனாலோ டாக்டர் அளவ மாத்துனாலோ என்கிட்ட வந்து புது ஈர்க்கு கிள்ளணும். நீங்களா கிள்ளக் கூடாது” என்றார். அவர் சொன்ன இன்னொரு காரியமும் உண்டு. அதை நான் அன்றைக்குச் சரியாகக் காதில் வாங்கவில்லை. “ஊசி போடுறதுக்கு முன்னால சாப்பாடு தயாரா இருக்கணும். ஊசி போட்டுட்டு வயித்தக் காயப் போட்டீங்கன்னா சர்க்கரை ஒரேயடியா எறங்கிரும். கை நடுங்கும், வேர்த்து ஊத்தும். அப்ப உடனே வெல்லத்த வாயில போடணும். எப்பவும் ஒரு கட்டி முந்தானையில முடிஞ்சு வச்சுக்கோங்க.”

“இனிப்ப தொடாதங்கிய. வெல்லத்த முடிஞ்சுக்கோங்கிய. எதக் கேக்கணும் நான்?” என்று நான் கேலி பேசினேன். பக்கத்தில் இவர் மட்டும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஊசி என்றால்தான் மயக்கம். மற்றதெல்லாம் கவனமாகக் கேட்பார்.

வீட்டுக்கு வந்து எல்லாம் ஒரு முறைக்கு வந்தது. மருந்துப் புட்டி சூடுபடக் கூடாதென்று, புது மண்சட்டியில் ஈர மணலைப் போட்டு அதில் வைத்தோம். அப்போது எங்கள் தெருவில் ஐஸ் பெட்டி எல்லாம் ஏது? மூத்திரத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு நீலத் தண்ணீர் கொடுத்திருந்தார்கள். கண்ணாடிக் குழாயில் அதை ஊற்றி, மூத்திரத்தைச் சொட்டு விட்டுச் சுட வைக்க வேண்டும். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை என்றால் கொஞ்சம் சர்க்கரை. மஞ்சள் என்றால் இன்னும் கூட. செங்கல் நிறம் வந்தால் மோசம். எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, நிறம் தெரியுமே. நான் குழாயை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். மைனி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

“ஏ மூதி, சோறாக்குத அடுப்புலயா அந்தக் கண்றாவியக் காய்ச்சப் போற?”

“பெறவு எங்க மைனி காய்ச்ச?”

“கொல்லையில கரியடுப்பு போட்டுத் தாரேன். அங்கன காய்ச்சு. எனக்கும் காட்டு.”

காட்டு என்று சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. பிறகு தினமும் அவர்தான் முதலில் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். “இன்னைக்குப் பச்சை. நேத்து யாருக்கும் தெரியாம பனம்பழம் தின்னியா?” தின்றிருப்பேன்.

இப்படி ஆனி போய் ஆடி வந்தது. எங்கள் ஊரில் ஆடி என்றால் கேட்க வேண்டாம். கோமதியம்மனுக்குத் தபசுத் திருவிழா. ஊரெல்லாம் கூட்டம். ராயகிரி, குருவிகுளம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வண்டி கட்டி வருவார்கள். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மைனி எனக்கு ஒரு நேர்த்தி வைத்திருந்தார். நான் பிழைத்து வந்தால் ஆடிக் கடைசி வெள்ளி அம்மன் சந்நிதியில் என்னைப் படுக்க வைத்து, வயிற்றில் மாவிளக்கு ஏற்றுவதாக. மாவிளக்கு தெரியுமல்லவா? பச்சரிசி மாவையும் வெல்லத்தையும் இடித்துப் பிசைந்து உருட்டி, நடுவில் குழித்து, நெய் விட்டுத் திரி போட்டு ஏற்றுவது. திரி எரிந்து முடிந்ததும் அதை நேர்த்திக்குரியவள்தான் முதலில் தின்ன வேண்டும். சர்க்கரை வியாதி தீர வெல்லம் தின்னுகிற நேர்த்தி! இவர் இதைச் சொல்லிச் சிரித்தபோது மைனிக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் வேண்டும்போது இது வெல்லத்து வியாதின்னு எனக்குத் தெரியுமாலே? அம்மனுக்குத் தெரியும். அவ பாத்துக்கிடுவா.”

ஒரு துணுக்கு நாக்கில் வைத்தால் போதும் என்று பேசி முடித்தோம். வெல்லத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினோம். விளக்கு எரிந்து முடிகிற வரைக்கும் இருக்க வேண்டிய விரதத்தைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

அந்த வெள்ளிக்கு முதல் நாளே மகன் வந்துவிட்டான். ஆடி முடியப் போகிறது, அவன் வைத்த கெடுவும் அதுதான். வெள்ளிக் காலையில் எழுந்து அவன் முன்னாலேயே ஊசியைக் கொதிக்க வைத்தேன். மருந்தை இழுத்தேன். ஈர்க்கை வைத்துப் பார்த்தேன். குத்தினேன். இவர் பழக்கத்துக்குச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். குத்துமுன்னே குனிந்து கோட்டை எண்ணிப் பார்த்திருந்த மகன், “சரியாத்தான் இருக்கு” என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்திலேயே குளித்து, ஈரத்தலையோடு புடவையைச் சுற்றினேன். முந்தானையில் வெல்லக்கட்டியை முடிகிறபோது மைனி பார்த்துவிட்டார்.

“விரதத்துக்கு வெல்லத்த மடியில வச்சிட்டா போவ? ஒன் வாயிதான் சும்மா இருக்குமா? கொண்டா இங்க.”

கொடுத்துவிட்டேன். வெறும் வயிற்றோடு கோயிலுக்கு நடந்தோம்.

கூட்டத்தில் முறை வர நேரமாயிற்று. பிரகாரத்தில் வாழை இலையை விரித்து என்னைப் படுக்க வைத்து, வயிற்றில் ஈரத்துணி போட்டு, அதன் மேல் மாவிளக்கை வைத்து மைனி ஏற்றினார். நெய் வாசனை. மேளம். அம்மனே என்று கண்ணை மூடினேன். கொஞ்ச நேரத்தில் விரல் நுனி நடுங்கிற்று. பிறகு கை. பிறகு உடம்பு முழுக்க. வேர்வை ஆறாக ஓடுகிறது. கண்ணைத் திறந்தால் தூண் எல்லாம் ஆடுகிறது. விளக்கும் என் வயிற்றில் கிடந்து ஆடுகிறது.

“அம்மன் வந்துட்டாடோய்!” என்று யாரோ ஒருத்தி கத்தினாள். அவ்வளவுதான், ஒரே குலவை. வேப்பிலையால் விசிறுகிறார்கள். முகத்தில் மஞ்சள் தண்ணீர். மைனி கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். ராயகிரிக்காரி ஒருத்தி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு என் காதருகில் வந்து, “தாயி, எம் மவளுக்கு எப்பக் கல்யாணம் ஆகும்? ஒரு வாக்குச் சொல்லு தாயி” என்று கேட்கிறாள்.

எனக்கு நர்ஸம்மா முகம் ஞாபகம் வந்தது. வாய் குழறியது. “வெல்லம்” என்றேன்.

“வெல்லம் கேக்கா! அம்மன் வெல்லம் கேக்கா!”

கேட்டவர்கள் எல்லாரும் கும்பிட்டார்கள். கொடுக்கத்தான் ஒருத்தரும் இல்லை. அப்போதுதான் என் வீட்டுக்காரர் ஆளை விலக்கிக்கொண்டு பாய்ந்தார். “ஏ, தள்ளுங்க! சாமியும் இல்ல, பூதமும் இல்ல, இவளுக்குச் சர்க்கரை எறங்கிட்டு!” எரிகிற திரியை வெறும் விரலால் நசுக்கி அணைத்தார். மாவிளக்கைப் பிட்டு என் வாயில் திணித்தார்.

“ஏலே, தீவாரனை காட்டலயே! அம்மனுக்குக் காட்டுமுன்ன எடுக்கியே பாவி!” என்று மைனி கதறினார்.

“அம்மனே வாயத் தொறந்து வெல்லம் கேட்டாச்சு. இன்னும் என்னத்தக் காட்டணும் ஒனக்கு?” என்று சொல்லிக்கொண்டே இன்னொரு பிடி திணித்தார்.

அந்த மாவிளக்கு மாதிரி ருசியாக நான் என் ஆயுளில் ஒன்றும் தின்றதில்லை. பைய நடுக்கம் நின்றது. தூண் எல்லாம் அதது இடத்துக்குப் போய் நின்றது. எழுந்து உட்கார்ந்தேன். ராயகிரிக்காரி இன்னும் போகவில்லை. “எம் மவ விசயம் ஒண்ணும் சொல்லலியே தாயி” என்றாள். அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “வெரசா ஆகும், போயிட்டு வா” என்றேன். ஆகியிருக்கும்.

வெளியே வந்ததும் மகன், “போதும். பெட்டியக் கட்டு” என்றான். ஊசியில் ஜெயித்து விரதத்தில் தோற்றுவிட்டேன். ஒன்று மட்டும் கேட்டேன். “நர்ஸம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம். அவுக போன்னு சொன்னா, நேரா மதுரை பஸ்ல ஏறிருதேன்.”

மறுநாள் நால்வரும் பாளையங்கோட்டைக்குப் போனோம். மைனி எதற்கு என்றால், அவர் சாட்சியாம். நர்ஸம்மா கேட்டுவிட்டு முதலில் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். பிறகு மைனியை. பிறகு ஊசி போட்டுக் காட்டச் சொன்னார், பார்த்தார். மகன் பக்கம் திரும்பினார்.

“ஊசியில ஒரு தப்பும் இல்ல சார். சோத்துலதான் தப்பு. கோயில்ல இவங்க வாயில இனிப்பு போட்டது யாரு?”

“அப்பா.”

“மதுரைக்குக் கூட்டிட்டுப் போறீங்க. காலையில நர்ஸு வந்து ஊசி போட்டுட்டுப் போயிருவாங்க. மத்தியானம் இப்படி நடுக்கம் வந்தா, வாயில போட வீட்ல யாரு இருப்பாங்க?”

வீடு பூட்டிக் கிடக்கும் என்பது மகனுக்குத் தெரியும். மருமகள் இந்த இடத்தை எழுதும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுதும்மா, இதில் உன் தப்பு ஒன்றும் இல்லை, நீ வேலைக்குப் போகாமல் முடியுமா?

மைனிதான் பேசினார். “இனிமே இவளுக்குள்ள விரதமெல்லாம் நான் இருக்கேன். இவ தின்னுட்டு வந்து கும்புடட்டும். அம்மன் ஒண்ணும் சொல்ல மாட்டா. நான் பேசிக்கிடுதேன்.”

நர்ஸம்மா சிரித்துவிட்டார். மகன் என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். அப்பாவின் விரல் நுனியில் திரி சுட்ட கொப்புளம் இருந்தது. அதை அவர் ஒளிக்கவில்லை, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மடியில் வைத்திருந்தார். “சரி, அங்கனயே இரு” என்றான் மகன். அன்றைக்கு பஸ்ஸில் நான் ஊர் வருகிற வரைக்கும் வாயை மூடவில்லை. கண்டக்டர் என்னைப் பார்த்து, “என்ன ஆச்சி, கல்யாண வீட்டுக்கா?” என்று கேட்டார்.

வருஷங்கள் ஆகிவிட்டன. எத்தனையோ ஈர்க்கு மாற்றியாயிற்று. இப்போதும் ஆடிக் கடைசி வெள்ளியில் நான் இட்லியைத் தின்றுவிட்டு ஏப்பத்தோடு கோயிலுக்குப் போகிறேன். மைனி பச்சைத் தண்ணீர் குடிக்காமல் பக்கத்தில் நடக்கிறார். வெல்லக்கட்டி இப்போது என் முந்தானையில் இல்லை, அவர் முந்தானையில். என்னை நம்ப முடியாதாம். இவர் எதையாவது சொல்லி, நான் சிரித்துக் குலுங்கினால் போதும், மைனி முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்துவிடுவார்.

“ஏட்டி, நடுங்குதியா சிரிக்கியா? ஒழுங்காச் சொல்லு.”

“சிரிக்கேன் மைனி.”

“எதுக்கும் ஒரு துணுக்கு வாயில போடு.”

“வேண்டாம் மைனி, சாயங்காலம் குழாயில மஞ்சளாயிரும்.”

அவர் நம்பாமல் என் கையைப் பிடித்துப் பார்ப்பார். பிடித்த கையை விடாமல் சந்நிதி வரைக்கும் கூட்டிக்கொண்டு போவார்.